ஆறு பேர் இழுத்தும் அறாத கயிறு, இரண்டு பேர் சாய்ந்ததும் அறுந்தது ஏன்? திருகோணமலைக் கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது உட்துறைமுகத்தின் அசையாத நீர். நகருக்கு வடக்கே நிலாவெளிப் பக்கமாகப் போனால் கடலின் முகமே வேறு. அங்கே கரை வங்காள விரிகுடாவை நேருக்கு நேர் பார்த்துக் கிடக்கிறது. கார்த்திகை பிறந்து வாடைக்காற்று எழும்பியதும் அலை கரையை அரிக்கத் தொடங்கும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரை கடந்ததை இந்தப் பக்கத்துத் தொழிலாளர்கள் மறக்கவில்லை. காற்று மாறும் அறிகுறி தெரிந்தாலே படகுகளை மேட்டுக்கு ஏற்றிவிடுவார்கள்.

ஏற்றுவது லேசான வேலை இல்லை. இலங்கையைச் சுற்றி வற்றுப்பெருக்கின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. பெருக்கு வந்து படகை மேலே கொண்டுபோய் வைக்கும் என்று காத்திருக்க முடியாது, ஆட்கள்தான் இழுத்தாக வேண்டும். மணலில் தென்னங்குற்றிகளை அடுக்கி, அம்பா என்னும் தொழிற்பாட்டைப் பாடி, எல்லாரும் ஒரே மூச்சில் இழுப்பது பழைய வழக்கம். படகுகள் மரத்திலிருந்து பைபருக்கு, அதாவது கண்ணாடியிழைக்கு, மாறி, ஆட்களும் குறைந்துபோன பிறகு அந்த ஒழுங்கு பல இடங்களில் தளர்ந்துவிட்டது.

நான் பௌதிகவியல் ஆசிரியர். கீழே வரும் சம்பவம் நடந்த கரைக்கு அருகில் வசிக்கிறேன். காயப்பட்ட இளைஞர் என்னிடம் படித்தவர். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, பெயர்களையும் கரையின் அடையாளத்தையும் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

அன்று மாலை நடந்தது

மார்கழி தொடக்கத்தில் ஒரு மாலை. இரண்டு நாள் மழை விட்டிருந்தது. கடல் பொங்கத் தொடங்கியிருந்ததால் ஒரு பைபர் படகை அவசரமாகக் கரையேற்றினார்கள். பின்பக்கத்தில் எஞ்சின் இருந்தது, உள்ளே நனைந்த வலை, அடியில் மழைத் தண்ணீர். இருட்டுகிறது, எல்லாவற்றையும் காலையில் இறக்கலாம் என்று விட்டிருந்தார்கள்.

முன்வளையத்தில் கயிற்றைக் கட்டி ஆறு பேர் இழுத்தார்கள். அலையோடு சேர்ந்து கொஞ்சத் தூரம் வந்த படகு, அலை திரும்பியதும் மணலில் குந்திவிட்டது. மறுபடி இழுத்தும் அசையவில்லை.

பிறகு செய்ததுதான் இந்த ஆய்வின் மையம். ஏறத்தாழ 12 மீற்றர் தள்ளி நின்ற தென்னைக்குக் கயிற்றைக் கொண்டுபோய், இறுக்கி இழுத்து, மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். ஒருவர் மரத்துக்குப் பின்னால் நின்று நுனியைப் பிடித்துக்கொண்டார். இளைஞரும் அவருடைய மாமாவும் கயிற்றின் நடுப்பகுதிக்குப் போய், அதைப் பக்கவாட்டில் இழுத்துச் சாய்ந்தார்கள். அவர்கள் விடும் ஒவ்வொரு தடவையும் மரத்தடியில் நின்றவர் தொய்வை எடுத்து இறுக்கினார். சகதியில் புதைந்த வாகனங்களை இப்படி அசைத்ததை மாமா பார்த்திருக்கிறார். உண்மையில் இது நல்ல உத்தி, பாய்மரக் கப்பல் காலத்திலிருந்தே மாலுமிகள் கையாண்டு வருவது.

மூன்றாம் முறை சாய்ந்தபோது கயிறு அறுந்தது. இரண்டு துண்டுக் கயிறுகளை முடிச்சுப் போட்டு இணைத்திருந்தார்கள். அறுந்தது அந்த முடிச்சில். படகுப் பக்கத் துண்டு பின்னோக்கிப் பறந்தபோது அதன் நுனி இளைஞரின் இடது கண்ணுக்குச் சற்றுக் கீழே அடித்தது. மாமா மல்லாக்க விழுந்து மணிக்கட்டு வீங்கியது. மற்றத் துண்டு தென்னையில் அறைந்தது. மரத்துக்குப் பின்னால் நின்றதால் மூன்றாமவர் தப்பினார். இளைஞருக்குக் கன்னத்தில் தையல் போட்டார்கள். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

உடனடி முடிவுகள்

காயப்பட்டவர்களை அனுப்பிய பிறகும் படகு அலைவாயிலேயே கிடந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. வேறு கயிறு கொண்டுவந்து லாண்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) கட்டி இழுப்போம் என்று சிலர் சொன்னார்கள். சத்தம் கேட்டு நானும் அங்கே போயிருந்தேன். லாண்ட்மாஸ்டர் வேண்டாம் என்று நின்றேன். எங்கே சிக்கியிருக்கிறது, எவ்வளவு விசை போகிறது என்பது எதுவும் எஞ்சினுக்குத் தெரியாது. கயிறு தாங்கினால் முன்வளையம் பிடுங்கிக்கொண்டு வரும். பறந்து வருவது அப்போது கயிறாக இருக்காது, இரும்பாக இருக்கும். அன்று மாலையே அந்த வளையத்தின் ஆணி லேசாக வளைந்திருந்ததைப் பார்த்தோம்.

அங்கிருந்த வயதான தொழிலாளர் ஒருவர் சொன்னதுதான் முடிவாயிற்று. “மாஸ்டர், இழுக்கிறதைக் கூட்டாதேங்கோ, பாரத்தைக் குறையுங்கோ” என்றார். எஞ்சினைக் கழற்றினார்கள். வலையை இறக்கினார்கள். அடித்துளையின் மூடியைத் திறந்து தண்ணீரை வடியவிட்டார்கள். முன்பக்க மணலைத் தோண்டிச் சரிவாக்கி, பலகை போட்டு, அதன்மேல் தென்னங்குற்றிகளை வைத்தார்கள். அலை வந்து படகின் பின்பக்கத்தைத் தூக்கும் நேரம் பார்த்து எல்லாரும் ஒன்றாக இழுத்தார்கள். படகு குற்றியில் ஏறியது. அதற்குப் பிறகு பெரிய பாடு இருக்கவில்லை.

கயிறு ஏன் அறுந்தது

சில நாள் கழித்து, கன்னத்தில் கட்டோடு வந்த இளைஞர் கேட்டார்: “சேர், ஆறு பேர் இழுக்கேக்க அறாத கயிறு, நாங்கள் ரெண்டு பேர் சாய்ஞ்சதுக்கு எப்பிடி அறுந்தது?” அவர் உயர்தரத்தில் விசைகளைப் பிரித்துக் கணக்குச் செய்தவர். இதற்கு முழுமையாக விடை சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

அதிர்ஷ்டவசமாக மேட்டில் நின்ற ஒரு சிறுவன் கைபேசியில் காணொளி எடுத்திருந்தான். கயிற்றின் நடு எவ்வளவு விலகியது என்பதை அதில் அளக்க முடிந்தது. கரையின் சரிவு ஏறத்தாழ 6 பாகை. படகைத் தராசில் போட வழியில்லை, ஆகவே திணிவுகள் மதிப்பீடுகளே: உடல் 350 கிலோகிராம், எஞ்சின் 50, நனைந்த வலை 80, தண்ணீர் 120. மொத்தம் 600 கிலோகிராம். புவி அதைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை, அதாவது நிறை, ஏறத்தாழ 6000 நியூட்டன்.

சரிவில் இந்த நிறை இரண்டு வேலை செய்கிறது. ஒரு சிறு பங்கு, கிட்டத்தட்ட 630 நியூட்டன், படகைக் கடலை நோக்கி வழுக்கப் பார்க்கும். மிச்சம் படகை மணலில் அழுத்தும். மணல் அதே அளவு செவ்வன் மறுதாக்கத்தால், அதாவது தன் மேற்பரப்புக்குச் செங்குத்தாகத் திருப்பித் தள்ளும் விசையால், படகைத் தாங்கும். உராய்வு எவ்வளவு வரை போகலாம் என்பதைத் தீர்மானிப்பது இந்த மறுதாக்கம்தான். உடைந்த பைபர் துண்டொன்றில் செங்கல் ஏற்றி உலர்ந்த மணலில் விற்றராசால் (சுருள்வில் தராசு) இழுத்துப் பார்த்தோம். 60 நியூட்டன் நிறைக்கு, அசையத் தொடங்கும் கணத்தில் 36 நியூட்டன் காட்டியது. ஓடத் தொடங்கியதும் 27க்கு இறங்கியது. முதலாவது எல்லை உராய்வு, இரண்டாவது இயக்கவியல் உராய்வு. அந்த விகிதத்தைப் படகுக்குப் போட்டால், அசைய வைக்க உராய்வுக்கு மட்டும் ஏறத்தாழ 3600, சரிவுக்கு 630, ஆக 4200 நியூட்டன் வேண்டும். அடிக்கட்டை மணலை உழுவதையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

ஆறு பேரால் எவ்வளவு முடியும்? உலர் மணலில் நின்று இழுப்பவரின் வலிமைக்கு எல்லை அவருடைய தசையில் இல்லை, பாதத்துக்கு அடியில் இருக்கிறது. மணல் வழுக்கினால் எவ்வளவு பலசாலியானாலும் பயனில்லை. ஆளுக்கு 250 நியூட்டன் என்று எடுத்தால் மொத்தம் 1500. தேவைப்பட்டதில் பாதிகூட இல்லை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். படகு அசையவில்லை என்பதால் அதன்மேல் விசை இல்லை என்று ஆகாது. 1500 நியூட்டன் இழுத்தது. 630 நியூட்டன் கீழே தள்ளியது. மிச்சம் 870ஐ உராய்வு பிடித்துக்கொண்டது. விளையுள், அதாவது எல்லா விசைகளும் சேர்ந்த மொத்தம், பூச்சியம், ஆகவே படகு நின்றது. உராய்வு தேவையான அளவுக்குத்தான் எழும்பும், தன் எல்லை வரை. வகுப்பில் ஓய்விலுள்ள பொருளின் விசைகளைக் குறிக்கச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் ஒன்றுமே வரைவதில்லை. அந்த வெற்றுப் படம் கரையில் எவ்வளவு ஆபத்தானது என்பது எனக்கு இந்தச் சம்பவத்தில் உறைத்தது.

இனி அந்த இருவர். அவர்களும் பக்கவாட்டில் ஆளுக்கு 250, மொத்தம் 500 நியூட்டன் கொடுத்தார்கள் என்று வைப்போம். நேராக இழுபட்டிருக்கும் கயிற்றை நடுவில் பக்கவாட்டுக்கு இழுத்தால், அந்தப் பக்கவாட்டு விசையைச் சமன்செய்ய வேண்டியது கயிற்றின் இரண்டு பாதிகளும்தான். பாதிகள் ஏறக்குறைய ஒரே கோட்டில் கிடப்பதால், ஒவ்வொன்றின் இழுவையிலும் பக்கவாட்டுக்கு உதவும் பங்கு மிகச் சிறியது. சிறிய பங்கு போதுமானதாக ஆகவேண்டும் என்றால் முழு இழுவை மிகப் பெரிதாக இருக்க வேண்டும். கயிறு எவ்வளவுக்கு நேராக இருக்கிறதோ அவ்வளவுக்கு இழுவை கூடும்.

முதல் தடவை நடு ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் விலகியது. 6 மீற்றர் பாதிக்கு அது கிட்டத்தட்ட ஏழரைப் பாகை. கணக்கில் இழுவை 1900 நியூட்டன். மரத்தடியில் தொய்வை எடுத்த பிறகு கயிறு இன்னும் நேராயிற்று. மூன்றாம் தடவை விலகல் 50 சென்ரிமீற்றர்தான். அப்போது இழுவை 3000 நியூட்டன். ஆறு பேரின் இழுப்பைப் போல் இரண்டு மடங்கு. அதிலும் அவர்கள் உடலை வெட்டி உலுப்பியது காணொளியில் தெரிகிறது. உலுப்பும் கணத்தில் விசை இதைவிட ஏறியிருக்கும்.

மரத்தில் சுற்றிய சுற்றும் இதில் பங்காளி. சுற்று கூடக்கூட, உராய்வு கயிற்றின் இழுவையைத் தின்றுகொண்டே போகும். கயிற்றுக்கும் மரத்துக்கும் இடையிலான உராய்வுக் குணகம் (உராய்வுக்கும் அழுத்தும் விசைக்கும் உள்ள விகிதம்) 0.3 என்று எடுத்தால், இரண்டு சுற்றுக்குப் பிறகு நுனியில் மிஞ்சுவது ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. 3000 நியூட்டனை எதிர்த்து நின்றவரின் கையில் இருந்தது 75 நியூட்டன்தான். ஏழெட்டுக் கிலோகிராம் தூக்கிப் பிடிக்கும் உணர்வு. சாய்ந்த இருவருக்கும் தெரிந்தது 250, 250. கயிற்றுக்குள் இருந்த 3000ஐ அங்கே நின்ற எவருடைய கையும் உணரவில்லை. இதனால்தான் யாரும் எச்சரிக்கையாகவில்லை. கவனக்குறைவு என்று அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. படகுக்கு இன்னும் 1200 நியூட்டன் பாக்கி இருந்தது. அறாமல் இருந்திருந்தால் நாலாவது, ஐந்தாவது முறையும் சாய்ந்திருப்பார்கள்.

கயிறு எப்படிப்பட்டது? 8 மில்லிமீற்றர் பொலிபுரொப்பிலீன். நீரில் மிதக்கும் வகை. புதிதாக இருந்தால் ஒரு தொன்னுக்குக் கிட்டிய சுமையைத் தாங்கும், அதாவது 10,000 நியூட்டன் அளவு. ஆனால் முடிச்சு போட்ட இடத்தில் கயிறு கூர்மையாக வளைவதால் பலம் ஏறக்குறைய பாதியாகும். பொலிபுரொப்பிலீனை வெயில் அரித்துவிடும். இந்தக் கயிறு வெளிறி, தொட்டால் தூள் உதிரும் நிலையில் இருந்தது. வளையத்தில் உரசிய நார்களும் பிய்ந்திருந்தன. இத்தனையும் சேர்ந்த பிறகு 3000 நியூட்டனில் அறுந்தது வியப்பில்லை.

அறுந்த கயிறு ஏன் ஆளை அடித்தது என்பதும் விசையின் இன்னொரு விளைவு. விசை பொருளை நகர்த்தும், நிறுத்தும், திசை திருப்பும் என்பதோடு வடிவத்தையும் மாற்றும். அன்று நகராத படகுக்காகப் போன விசையெல்லாம் கயிற்றை நீட்டியது. மரத்தடியில் எடுத்த தொய்வைப் பார்த்தால் நீட்சி ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர். இழுவையின் பாதியை நீட்சியால் பெருக்கினால் கயிற்றுக்குள் சேமித்திருந்த சக்தி 1200 யூல். 50 கிலோகிராம் சீமெந்துப் பை ஒன்று 2.4 மீற்றர் உயரத்திலிருந்து விழும்போது கிடைக்கும் சக்தி இது. சில நூறு கிராம் கயிறு அதை வாங்கிக்கொண்டு பறக்கும்போது அதன் வேகத்தைக் கண்ணால் தொடர முடியாது. நைலோன் கயிறு இதைவிடக் கூட நீளும், ஆகவே அறுந்தால் இதைவிட மோசமாகத் திருப்பி அடிக்கும்.

பாரத்தைக் குறைத்தது ஏன் வேலைசெய்தது

எஞ்சின், வலை, தண்ணீர் போனதும் 350 கிலோகிராம்தான். சரிவுப் பங்கு 370 நியூட்டனுக்கு இறங்கியது. பலகைமேல் குற்றி வைத்ததால் வழுக்கும் உராய்வுக்குப் பதிலாக உருளும் உராய்வு வந்தது. எங்கள் சிறு பரிசோதனையில் அது நிறையின் பத்தில் ஒரு பங்கு அளவுதான். சேர்த்தால் 800 நியூட்டனுக்குள். பலகை இல்லாமல் குற்றியை மட்டும் வைத்திருந்தால் அது மணலில் புதைந்து பெரிய பலன் கிடைத்திருக்காது.

அலை வரும் நேரம் பார்த்தது இன்னும் நுட்பமான விஷயம். அலை தூக்கும்போது நீரின் மேலுதைப்பு நிறையின் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்கிறது. மணலின் மறுதாக்கம் குறைகிறது, அதோடு உராய்வும் குறைகிறது. அலை வடிந்ததும் முழு நிறையும் மணலுக்குத் திரும்பி வருகிறது. அம்பா பாடும்போது சேர்ந்து இழுக்கும் அடி ஏன் அந்த இடத்தில் விழுகிறது என்பதும் இதனால் விளங்குகிறது. எல்லை உராய்வைத் தாண்ட எல்லாருடைய விசையும் ஒரே கணத்தில் கூட வேண்டும். ஆறு பேர் ஆறு வேறு கணத்தில் இழுத்தால் படகுக்கு அது ஆறு தனித்தனி 250தான். தாண்டிய பிறகு குறைந்த விசை போதும், ஆகவே நிறுத்தாமல் இழுக்க வேண்டும். சூத்திரம் எதுவும் இல்லாமல் இதைக் கண்டுபிடித்து, பாட்டாகக் கட்டி வைத்தவர்களை நான் மனதார மதிக்கிறேன்.

வகுப்பறையில் செய்தது

அந்த இளைஞரையே தரம் 11 வகுப்புக்கு அழைத்து வந்தேன். இரண்டு மேசைகளில் இரண்டு விற்றராசு, நடுவே மெல்லிய கயிறு, நடுவில் 500 கிராம் படி (எடைக்கல்). அதன் நிறை 5 நியூட்டன். பாதிகள் கிடையோடு 30 பாகை சாய்ந்திருந்தபோது ஒவ்வொரு தராசும் 5 நியூட்டன் காட்டியது. மேசைகளைத் தள்ளித் தள்ளி 10 பாகைக்குக் கொண்டுவந்தால் 14க்கு மேல். 5 பாகையில் 29ஐ நெருங்கியது. கயிற்றை முற்றாக நேராக்கிக் காட்டுங்கள் என்று சொன்னேன். இரண்டு பக்கமும் பிள்ளைகள் இழுத்துப் பார்த்தார்கள். கயிறு நேராகவில்லை, தராசின் முள்தான் ஓடியது. படி தொங்கும்வரை நேராகவே ஆகாது என்பதை அவர்களே சொன்னார்கள்.

அதன் பிறகு அலைவாயில் நின்ற படகின் விசைகளை வரையச் சொன்னேன். அநேகமானோர் உராய்வையும் மறுதாக்கத்தையும் குறித்தார்கள். மேலுதைப்பை விட்டவர்கள் சிலர். கயிறு மரத்தை இழுக்கும் விசையைப் படகின் படத்திலேயே போட்டவர்களும் இருந்தார்கள். எந்த விசை எந்தப் பொருளின்மேல் தொழிற்படுகிறது என்பதைத் தனித்தனிப் படமாக வரைய வைத்தால்தான் இந்தக் குழப்பம் தீரும். அதற்கு இன்னொரு பாடவேளை போயிற்று, ஆனால் பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் விடக்கூடிய ஒன்றில்லை அது.

கரையில் பிறகு மாறியவை

காணொளியையும் கணக்கையும் கரையில் வைத்தே விளக்கினோம். படகுக்காரர்கள் சேர்ந்து முடிச்சில்லாத ஒரே நீளத் தடித்த கயிறு வாங்கினார்கள். இழுக்காத நேரம் அதை வெயிலில் போடுவதில்லை. பலகையும் குற்றிகளும் ஒரே இடத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. எஞ்சின் இறக்காமல், தண்ணீர் வடிக்காமல் யாரும் இழுக்கத் தொடங்குவதில்லை. இழுபட்ட கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்பதில்லை, சிறுவர்களை மேட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கயிற்றின் நடுவில் நனைந்த சாக்கைப் போடும் பழக்கமும் வந்திருக்கிறது. அறுந்தால் பறக்கும் வேகத்தை அந்தப் பாரம் மட்டுப்படுத்தும்.

கப்பி பூட்டலாமா என்றும் பேசினார்கள். அதற்கு நான் முழு ஆதரவு தரவில்லை. கப்பித் தொகுதியும் கையில் தெரியும் விசையைவிடப் பல மடங்கை வளையத்திலும் மரத்திலும் ஏற்றும். வளையத்தை உட்பக்கம் பலகை வைத்துப் பலப்படுத்தாமல் கப்பி பூட்டினால் பழைய ஆபத்து புதிய இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். இரண்டு படகுகளில் வளையத்தை மாற்றியிருக்கிறார்கள், மற்றவை இன்னும் பழையபடி. ஒரு குடும்பம் இப்போதும் ஒட்டுக் கயிற்றைத்தான் பாவிக்கிறது. புதியது வாங்கக் காசு இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம், அது உண்மையும்கூட. பொதுக் கயிற்றை அவர்களுக்கும் முறை வைத்துக் கொடுப்பதாகப் பேச்சு நடக்கிறது.

மாமாவின் மணிக்கட்டு தேற இரண்டு மாதமானது. இளைஞர் அடுத்த பருவம் தொடங்கியதும் தொழிலுக்குத் திரும்பினார்.

அடுத்த முறை வேறாகச் செய்யவேண்டியவை

மேலே உள்ள எண்களில் 250 நியூட்டன் என்பதும் படகின் திணிவும் மதிப்பீடுகள். கொக்கித் தராசு ஒன்றைக் கயிற்றுக்கும் வளையத்துக்கும் நடுவில் பூட்டினால் இழுவையை நேரடியாகப் பார்க்கலாம். அப்படித் தராசு வைத்திருக்கும் ஒருவர் இரவல் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். வாடை தொடங்கும் முன் மூன்று நிலைகளில் அளக்க எண்ணியிருக்கிறோம்: பாரத்தோடு வெறும் மணலில், பாரமில்லாமல் வெறும் மணலில், பாரமில்லாமல் குற்றியில். பக்கவாட்டில் சாய்வதை மட்டும் ஆட்களை வைத்து அளக்கப் போவதில்லை. அதற்கு மேசையும் 500 கிராம் படியும் போதும்.